மலைக்குளத்துப் பைபர் படகின் உட்சுவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழனி மலையில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு தங்கும் விடுதிக்குச் சொந்தமாகச் சிறு குளம் ஒன்று உண்டு. அதில் விருந்தினர்களை ஏற்றிச் செல்ல, தூத்துக்குடிக் கரையில் சில ஆண்டுகள் மீன்பிடித் தொழிலில் இருந்த, ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள பைபர் படகு ஒன்றை விடுதியின் உரிமையாளர் வாங்கினார். வத்தலக்குண்டு மலைப்பாதை வழியாக லாரியில் அதை மேலே கொண்டுவந்த பிறகு, முன்பகுதியில் மழைக்கு ஒதுங்குவதற்காகப் பைபரிலேயே ஒரு சிறிய கூடும் கட்டப்பட்டது. கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய லெவிஞ்ச் துரையும் தூத்துக்குடியிலிருந்தே முதல் படகை வரவழைத்தார் என்று ஊர் வரலாறு சொல்வதால், கடற்கரைப் படகு மலையேறுவது இங்கே புதிய செய்தியல்ல. ஆனால் கடற்கரையில் செய்த பொருளை 2,000 மீட்டர் உயரத்தில் பராமரிப்பது வேறு வகையான வேலை என்பது உரிமையாளருக்கு ஓராண்டுக்குள் தெரிந்துவிட்டது.

பைபர் படகை மோல்டுக்குள் வைத்துச் செய்கிறார்கள். மோல்டின் மெருகேற்றிய பரப்பில் முதலில் ஜெல்கோட் என்னும் நிறப் பூச்சைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழை மேட்டையும் (துண்டு இழைகளால் ஆன விரிப்பு) ரோவிங் துணியையும் (தடித்த இழைகளால் நெய்தது) மாறிமாறி விரித்து, பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகும் பிசினில் ஊறவைத்து, ரோலரால் காற்றை வெளியேற்றுவார்கள். ஆகவே மோல்டைத் தொட்டிருந்த வெளிப்புறம் மழமழவென்று வருகிறது. ரோலர் கடைசியாகத் தொட்ட உட்புறமோ பாய்ப் பின்னலைப் போல மேடும் பள்ளமுமாக, ஆங்காங்கே ரெசின் வழிந்த தழும்புகளோடும் விறைத்து நிற்கும் இழைகளோடும் நின்றுவிடுகிறது. வலையும் மீனும் மட்டும் கிடக்கும் படகில் இது குறையே அல்ல. குழந்தைகள் சாய்ந்து உட்காரும் படகில் இதுவே முதல் புகாராக வந்தது: கைகளில் அரிப்பு, கம்பளிச் சட்டைகள் இழையில் மாட்டிக் கிழிதல்.

முதல் ஆண்டில் விடுதியின் தச்சர் ஒருவர், மைக்கா ஒட்டும் மஞ்சள் பசையைக் கொண்டு உட்சுவர் முழுவதும் செயற்கை இழைக் கம்பளத்தை ஒட்டிக்கொடுத்தார். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கம்பளம் தாண்டவில்லை. தை மாதத்தில் படகைக் கரையேற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு, பைபர் வேலை தெரிந்தவன் என்ற முறையில் என்னை ஆலோசனைக்கு அழைத்தார்கள். வேலையைச் செய்ய, கடற்கரையில் படகு கட்டிப் பழகிய பணியாளர் ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டார்.

கம்பளத்தை உரித்தபோது கண்டவை

கம்பளம் மேல் விளிம்பில் ஒட்டியும் கீழே தொங்கியும் இருந்தது. அதன் பின்புறம் முழுவதும் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. கூட்டுக்குள் தலையை விட்டாலே நெடி அடித்தது. பசை சில இடங்களில் இளகியும் சில இடங்களில் மஞ்சள் தோலாகக் காய்ந்தும் சுவரோடு கிடந்தது.

இதைவிட முக்கியமானது நடு இருக்கையின் அடியில் இருந்தது. இருக்கைப் பெட்டியைப் பக்கச் சுவரோடு இணைக்கும் மேட் பட்டை ஒரு முழம் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நாணயத்தால் தட்டிப் பார்த்ததில், நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட ஒலி அங்கே மட்டும் மந்தமாகக் கேட்டது. அந்தப் பிளவு எப்போது ஏற்பட்டது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. லாரிப் பயணத்தில் இருக்கலாம், அதற்கு முன்பே கடலில் இருந்திருக்கலாம். ஓராண்டாக அதன் மேல் கம்பளம் இருந்தது என்பது மட்டும் உறுதி.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை செய்தோம். சுவரைத் துடைத்து உலர்த்தி, பல இடங்களில் சதுரமான பாலித்தீன் தாள்களை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் பெரும்பாலான தாள்களில் வெளிப்பக்கம் மட்டுமே நீர்த்துளி கோத்திருந்தது. அதாவது கொட்டகைக் காற்றின் ஈரமே குளிர்ந்த பரப்பில் படிந்திருந்தது. பிளவுக்கு அருகே ஒட்டிய தாளில் மட்டும் சுவரைப் பார்த்த உட்பக்கமும் நனைந்திருந்தது. இருக்கைப் பெட்டியை அடியில் துளையிட்டபோது, மிதப்புக்காக உள்ளே அடைத்திருந்த நுரையின் கீழே தேங்கிய நீர் வெளியே வந்தது.

மூடுவதா, திறந்து வைப்பதா

உரிமையாளரின் விருப்பம் தெளிவாக இருந்தது: இந்த முறை நல்ல தரமான நுரை வைத்த ரெக்சினைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும், பார்க்க அழகாகவும் சாய்ந்தால் மெத்தென்றும் இருக்கும். அந்த விருப்பத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கடற்கரையில், நாள்தோறும் வெயிலில் காயும் படகுக்கு அது பொருந்தக்கூடும். மரச்சட்டம் அடித்து மெல்லிய பிளைவுட் பலகை பதிக்கலாம் என்று இன்னொரு யோசனையும் வந்தது.

இரண்டையும் நான் மறுத்ததற்குக் காரணம் அந்தப் பிளவுதான். படகின் உட்சுவர் வீட்டுச் சுவரைப் போலன்றி ஒவ்வொரு அலையிலும் ஒவ்வொரு முட்டலிலும் சற்றே வளைந்து நிமிரும் உறுப்பு. அது பழுதாகும்போது முதலில் காட்டிக்கொடுப்பது அதன் உட்பரப்பே. அதை மூடிவிட்டால் பழுதைப் பார்க்கும் கண்ணையும் சேர்த்தே மூடுகிறோம். மேலும், கம்பளமோ நுரையோ பலகையோ எதுவாயினும் அதற்கும் குளிர்ந்த சுவருக்கும் இடையே ஈரக்காற்று நுழைந்தால் அங்கே படியும் நீர் வெளியேற வழியில்லை. ஆண்டில் பல மாதங்கள் காலை மாலை மூடுபனி இறங்கும் ஊரில் அந்த இடைவெளி பூஞ்சணத்தை வளர்க்கும் பாத்தியாகிவிடும். அதனால் சுவரைத் திறந்தே வைத்து, அதன் மேற்பரப்பை மட்டும் கையை உறுத்தாததாகவும் துடைத்துக் கழுவக்கூடியதாகவும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மெத்தென்று இருக்க வேண்டிய இடத்துக்குக் கழற்றி வெயிலில் காயவைக்கக்கூடிய முதுகுத் திண்டுகளைத் தருவது என்ற அளவில் உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

எவ்வளவு மழமழப்பு போதும்

அடுத்த கேள்வி பட்டி பார்ப்பது பற்றியது. வெளிப்புறத்தைப் போலவே உட்புறத்தையும் ஆக்க வேண்டுமானால் ரோவிங் பின்னலின் பள்ளங்கள் அனைத்தையும் பட்டியால் நிரப்ப வேண்டும். பக்கச் சுவர்களும் கூட்டின் உட்புறமும் சேர்ந்து சுமார் 12 சதுர மீட்டர். சராசரியாக 2 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தாலும் 24 லிட்டர் பட்டி. டால்க் தூள் கலந்த பாலியெஸ்டர் பட்டி லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ என்பதால் 36 கிலோ கூடுதல் சுமை. அந்தக் கனமான பட்டிக்குள் இழை கிடையாது. சுவர் வளையும்போது முதலில் வெடிப்பதும் அதுவே. மெல்லிய பூச்சானால் 12 சதுர மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் கனத்தில் 6 லிட்டர் போதும்.

ஆகவே சுவரை இரண்டாகப் பிரித்தோம். இருக்கை மட்டத்திலிருந்து விளிம்பு வரை, கையும் முதுகும் படும் பகுதியில் மேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் சதுர மீட்டருக்கு 30 கிராம் எடையுள்ள சர்ஃபேஸ் டிஷ்யூ என்னும் மெல்லிய கண்ணாடியிழைத் தாள் ஒரு சுற்று ஒட்டுவது. விறைத்த இழைகளை அமுக்கிப் பிடிக்க இந்த டிஷ்யூவைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை; இருந்தும் பலர் ஏனோ இதைத் தவிர்த்துவிட்டுப் பட்டிக்கே போகிறார்கள். இருக்கை மட்டத்துக்குக் கீழே இழை முனைகளையும் ரெசின் தழும்புகளையும் மட்டும் நீக்கிவிட்டுப் பின்னல் வடிவம் தெரியும்படியே பூச்சு கொடுப்பது. கண்ணுக்கு அது சற்றுக் கரடாகத் தெரியும், கைக்குத் தெரியாது.

பூச்சு எது என்பதிலும் பேச்சு நடந்தது. எப்பாக்ஸி என்னும் வேறு வகை ரெசின் நன்றாக ஒட்டும். ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்த காற்றில் அதன் மேற்பரப்பில் மெழுகுத்தன்மையான படலம் ஒன்று பூக்கும், அதை நீரால் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு பிடிக்காது. தவிர, எப்பாக்ஸியின் மேல் பின்னாளில் ஒருவர் பாலியெஸ்டர் ரெசினில் பழுது பார்த்தால் அது சரியாகப் பற்றாது. இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் பெயின்ட் ஈரக்காற்றில் நுரைத்துக் குமிழி விடக்கூடும். படகு பாலியெஸ்டரால் ஆனது, வருங்காலத்தில் பழுது பார்ப்பவரும் அதையே கையாளுவார் என்பதால் பாலியெஸ்டர் ஜெல்கோட்டையே தேர்ந்தெடுத்தோம்.

குளிரும் ரெசினும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கோடைக்கால விருந்தினர் கூட்டம் தொடங்குமுன் படகு நீரில் இறங்க வேண்டும் என்றாலும், தை மாதத்தில் பூச்சு வேலையைத் தொடங்க நான் சம்மதிக்கவில்லை. அந்த மாதத்தைப் பசை நீக்குதல், கழுவுதல், தேய்த்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்கி, ரெசின் தொடும் வேலை அனைத்தையும் மாசியின் பிற்பகுதிக்கும் பங்குனிக்கும் தள்ளினோம்.

பணியாளருக்கு இது வீண் தாமதமாகப் பட்டது. "எங்க ஊர்ல மத்தியானம் ஊத்துனா சாயங்காலம் கல்லா இறுகிரும் ஐயா, இங்க மட்டும் என்ன?" என்று கேட்டார். விவாதத்தைவிடச் சோதனை மேல் என்று, வெளியே தெரியாத ஒரு பெட்டியின் உட்புறத்தில் இரண்டு இடங்களைத் தேய்த்து, ஒரே ஜெல்கோட்டை, அதை இறுக வைக்கும் ஹார்டனரின் ஒரே அளவுடன், ஒன்றில் முற்பகல் 11 மணிக்கும் மற்றதில் மாலை 4 மணிக்கும் பூசினோம். தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் சுவரின் வெப்பநிலையையும் குறித்து வந்தோம். காலை 8 மணிக்குக் காற்று 12 டிகிரி செல்சியஸ், சுவர் 9. வெயில் உள்ளே விழுந்த பின் 11 மணிக்குச் சுவர் 19. மாலை 5 மணிக்கு 15. இரவில் மறுபடியும் ஒற்றை இலக்கம்.

மறுநாள் காலை, 11 மணிப் பூச்சு நகத்துக்கு இசையாமல் இறுகியிருந்தது. 4 மணிப் பூச்சு விரலோடு வந்தது. பணியாளரைக் குழப்பியது, மாலையில் கலக்கிய கிண்ணத்தின் அடியில் மிஞ்சியது மட்டும் நன்றாக இறுகிப்போயிருந்ததுதான். ரெசின் இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடுகிறது. கிண்ணத்தில் கனமாகக் கிடந்தது அந்த வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விரைந்து இறுகியது, சுவரில் அரை மில்லிமீட்டராகப் பரவியதோ தன் வெப்பம் முழுவதையும் குளிர்ந்த சுவரிடம் இழந்துவிட்டது. கிண்ணத்தைப் பார்த்துச் சுவரை முடிவு செய்யக்கூடாது என்பது அன்று அவருக்கே உறைத்தது.

உடனே ஹார்டனரைக் கூட்டிவிடலாம் என்றார். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. எம்.இ.கே.பி. என்னும் பெராக்சைடு ஹார்டனரை எடைக்கு 2 சதவீதம் அளவில் வைத்துக்கொண்டோம். அளவுக்கு மீறி ஊற்றினால் வினையில் சேராத மிச்சம் பூச்சுக்குள்ளேயே தங்கி அதை மென்மையாக்குமே தவிர, குளிரை ஈடு செய்யாது. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைக் கூட்டும் பேச்சு வந்தபோது, அதையும் எம்.இ.கே.பி.யையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பதை அனைவருக்கும் மீண்டும் சொல்லி, கோபால்ட் முன்பே கலந்து வரும் ஜெல்கோட்டை மட்டுமே மதுரையிலிருந்து வாங்கினோம். கலவையை மாற்றுவதற்குப் பதிலாகச் சுவரைச் சூடாக்குவது என்று முடிவு செய்தோம்.

அதற்கு எந்தக் கருவியும் வாங்கப்படவில்லை. படகைத் தள்ளுவண்டியோடு காலையில் வெயிலில் நிறுத்தி, வெள்ளை வெளிப்புறம் வெயிலைத் திருப்பியடிக்காமல் இருக்கக் கருப்புத் தார்ப்பாயால் மூடி, சுவர் 18 டிகிரியைத் தாண்டிய பின் கொட்டகை நிழலுக்கு இழுத்துப் பூசுவது. பகல் ஒரு மணிக்கு மேல் எதையும் கலக்குவதில்லை. பூச்சு கட்டியான பிறகு மறுபடியும் வெயில். நான்கு மணிக்குள் வெளிப்புறத்தைப் பழைய கம்பளிகளால் போர்த்துவது.

குளிருக்காகக் கணப்புச் சட்டி வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. காவலாளியின் கணப்பை அந்த நாட்களில் வேறிடத்துக்கு மாற்றச் சொன்னோம். தின்னரைப் போன்ற கரைப்பானான அசிட்டோனின் ஆவி உறைநிலைக்குக் கீழான வெப்பத்திலேயே பற்றக்கூடியது. ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியோ காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் படகின் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். குளிர் தாங்காமல் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கூட்டுக்குள் குனிந்து வேலை செய்வது மயக்கத்தில் முடியும். எனவே கதவுகள் திறந்தே இருந்தன, படகின் அடிப்பகுதியிலிருந்து காற்றை இழுக்கும்படி விசிறி வைக்கப்பட்டது, பூசும்போது ஆவியை உறிஞ்சும் கரிக் குப்பி பொருத்திய முகமூடி கட்டாயமாக்கப்பட்டது.

வேலை நடந்த வரிசை

பசையை முதலில் சுரண்டியும் பிறகு தின்னரில் நனைத்த துணியாலும் நீக்கினோம். பசை இருக்கும்போதே தேய்த்தால் அது இழைகளுக்குள் பரவிவிடும் என்பதால் இந்த வரிசை மாறவில்லை. பூஞ்சணத்தைச் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு கழுவிப் பல நாள் காயவிட்டோம்.

இருக்கைப் பெட்டியைத் திறந்து ஊறிய நுரையை அகற்றிப் புதியது வைத்தபின், பிளவின் இருபுறமும் சுவரைச் சரிவாகத் தேய்த்து, ஒன்றைவிட ஒன்று அகலமான 450 கிராம் மேட் பட்டைகளை மூன்று சுற்று ஒட்டினோம். மூலையில் கூர்மையான மடிப்பு வராதபடி முதலில் பட்டியால் வளைவு கொடுத்தோம். கண்ணாடியிழை கூர்மையான மூலையில் படியாமல் எழும்பி அடியில் காற்றை விடும், பழைய பட்டை திறந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகத் தெரிந்தது.

பிறகு 40 எண் உப்புத்தாளில் மேடுகளையும், 80 எண்ணில் முழுப் பரப்பையும் தேய்த்தார்கள். வேலைகளில் கடினமானது இதுவே. கண்ணாடியிழைத் தூள் தோலில் ஏறினால் நாட்கணக்கில் அரிக்கும்; முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தூசு முகமூடி, வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த நீரில் தேய்க்காமல் கழுவுதல் என்ற ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டது. அந்தக் குளிரில் வெந்நீருக்கு ஏங்கிய பணியாளரின் முணுமுணுப்பை நான் கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

டிஷ்யூ ஒட்டி, எழும்பிய ஓரிரு இழைகளைத் தேய்த்து நீக்கிய பின் ஜெல்கோட் இரண்டு கை பூசப்பட்டது. பாலியெஸ்டர் காற்றுபடும் மேற்பரப்பில் முழுமையாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும் இயல்புடையது. முதல் கைக்கு அந்தப் பிசுபிசுப்பு நல்லது, அடுத்த கை அதோடு ஒன்றிவிடும். இரண்டாம் கையில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்த்தோம். பூச்சு இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும், பரப்பு காய்ந்து முடியும். முதல் கையிலேயே மெழுகைச் சேர்த்தால் இரண்டாம் கை மெழுகின் மேல் நின்று உரிந்துவிடும். மலைக் குளிரில் அந்தக் கரைசலே புட்டிக்குள் வெண்மையாக உறைந்து நின்றது. அதைச் சுடுநீர்ப் பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தொலைவில் வைத்து, முற்றிலும் தெளிந்த பிறகே கலந்தோம்.

பிறகு நடந்தவை

சித்திரையில் படகு நீரில் இறங்கியது. அரிப்புப் புகார் நின்றது. ஐப்பசி மழைக்குப் பின் நான் பார்த்தபோது, இருக்கைப் பெட்டியின் புதிய இணைப்பு தட்டினால் கணீரென்றே ஒலித்தது; கூட்டுக்குள் நெடி இல்லை.

நீர்த்துளி கோப்பது நிற்கவில்லை. பூச்சு சுவரைச் சூடாக்குவதில்லையாதலால் விடியற்காலையில் அதன்மேல் ஈரம் படியத்தான் செய்கிறது. உரிமையாளர் இதைக் குறையாகக் கருதினார். முன்பு கம்பளம் குடித்த நீர் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, துணியால் துடைத்தால் போய்விடுகிறது என்பதை விளக்கி, இரவில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல் இருபுறமும் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடச் சொன்னோம். துளிகள் பாதியாகக் குறைந்ததாக அவரே பின்னர் தெரிவித்தார்.

கூட்டின் மூலை ஒன்றில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு செதிலாக எழுந்திருந்தது. உரித்த துண்டின் பின்புறத்தில் மஞ்சள் பசையின் தடம் இருந்தது. குறுகலான அந்த மூலைக்குள் சுரண்டும் கருவி நுழையவில்லை. சுவர் திறந்திருந்ததால் பழுது சிறிதாக இருக்கும்போதே கண்ணில் பட்டது, அரை நாளில் சரிசெய்யப்பட்டது.

அடுத்த முறை மாற வேண்டியவை

தூய வெள்ளை நிறம் இந்தச் சுவருக்கு ஏற்றதல்ல. காலை வெயில் சாய்வாக விழும்போது பின்னலின் ஒவ்வொரு மேடும் நிழல் வீசி, கைக்குத் தெரியாத கரடுமுரடு கண்ணுக்குப் பெரிதாகிறது. வெளிர் சாம்பல் நிறம் அதை அடக்கியிருக்கும்.

கூட்டின் முன்சுவரில் காற்றுப் போக ஒரு சிறு வாயிலைப் பூச்சுக்கு முன்பே வெட்டியிருக்கலாம். இப்போது வெட்டினால் விளிம்பை மறுபடியும் மூட வேண்டும்.

பசை நீக்கிய பின் சுவர் சுத்தமாயிற்றா என்பதைக் கண்ணளவில் விட்டுவிடாமல் நீரால் சோதிப்பது தனிப் படியாக வேலைத் திட்டத்தில் சேர வேண்டும். சுத்தமான பரப்பில் தெளித்த நீர் படலமாகப் பரவி நிற்கும். எண்ணெயோ மெழுகோ பசையோ மிச்சமிருக்கும் இடத்தில் முத்துமுத்தாகத் திரளும். மூலைகள், இருக்கையின் அடிப்பகுதி, கூட்டின் உட்கூரை ஆகிய இடங்களில் இதைக் கைவிளக்கு வைத்துப் பார்த்து, திரளும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, அவற்றை மறுபடியும் துடைத்து உலர்த்திய பிறகே தேய்க்கும் கிரைண்டரை எடுக்க வேண்டும் என்று பணியாளரின் குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.